42 அங்குலத்தில் பிளாஸ்மாவா, எல்சிடியா? படம், கேம், கணினி மூன்றுக்கும் ஒரே டிவி வேண்டும்

கோவைவாசி | 14 ஆகஸ்ட் 2010

வணக்கம் நண்பர்களே. பதினான்கு வருடம் உழைத்த 21 அங்குலப் பெட்டி டிவி போன வாரம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பிக்சர் டியூப் போய்விட்டது, மாற்றினால் கட்டுப்படியாகாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். புதிதாக வாங்க 45 ஆயிரம் ஒதுக்கியிருக்கிறேன், இழுத்துப் பிடித்தால் 50. அளவு 42 அங்குலம் என்று முடிவாகிவிட்டது. பிளாஸ்மாவா எல்சிடியா என்பதில்தான் பத்து நாளாகக் குழப்பம்.

வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹால் 12க்கு 14 அடி. சோபாவில் உட்கார்ந்தால் டிவி 8 அடியில் இருக்கும். டிவிக்கு எதிர்ச்சுவரில் பெரிய ஜன்னல், காலை வெயில் நேராக உள்ளே விழும். பகலெல்லாம் அப்பா செய்திச் சேனல், சாயங்காலம் அம்மா சீரியல். இரவு ஒன்பதரைக்கு மேல்தான் ரிமோட் என் கைக்கு வரும். வாரத்துக்கு நான்கு படமாவது பார்த்துவிடுவேன், அது எனக்குச் சாப்பாடு மாதிரி. தம்பி பிஎஸ் 3 வைத்திருக்கிறான். அப்புறம் என் கணினியின் மானிட்டரும் மங்கிவிட்டது, அதனால் கணினியையும் இந்த டிவியிலேயே இணைத்துவிடலாம் என்று ஆசை. தினம் மூன்று மணி நேரம் எக்செல்லில் கணக்கு வேலை இருக்கிறது.

கிராஸ்கட் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் பிளாஸ்மாவில் கேஸ் இறங்கிவிடும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும் என்கிறார். இன்னொருவர் எல்சிடியில் படம் இழுக்கும், கிரிக்கெட் பந்து வால் நட்சத்திரம் மாதிரி தெரியும் என்கிறார். மூன்றாமவர் கரண்ட் பில்லைச் சொல்லி பயமுறுத்தினார். என் பட்ஜெட்டுக்கு பிளாஸ்மாவில் 1024×768 எச்டி ரெடிதான் வருகிறது, எல்சிடியில் 1920×1080 ஃபுல் எச்டியே கிடைக்கிறது. சொந்தமாக வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், கடைக்காரர்களிடம் கேட்டது போதும்.


திரைப்பித்தன் | 14 ஆகஸ்ட் 2010

வாரம் நான்கு படம் பார்க்கிறவர் என்றால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பிளாஸ்மா.

காரணம் கருப்பு. எல்சிடியில் திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது, அதற்கு முன்னால் திரவப் படிகம் கதவு மாதிரி மூடித் திறக்கிறது. கதவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். அதனால் இரவுக் காட்சியில் கருப்பு சாம்பலாகிவிடும். பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஒரு குட்டி அறை, உள்ளே நியான், செனான் வாயு, சுவரில் பாஸ்பர் பூச்சு. எரிய வேண்டாத அறை கிட்டத்தட்ட அணைந்தே இருக்கும். நம் படங்களில் பெரும்பாலானவை சினிமாஸ்கோப்பில் எடுத்தவை, டிவியில் போட்டால் மேலும் கீழும் கருப்புப் பட்டை விழும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது அந்தப் பட்டை சாம்பலாக மின்னிக்கொண்டே இருந்தால் படத்துக்குள் போகவே முடியாது, எனக்கு அதுதான் எல்சிடியில் தீராத தொல்லை.

இன்னொன்று, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் இரண்டு பேர் ஓரத்தில்தான் இருப்பார்கள். பிளாஸ்மாவில் எங்கிருந்து பார்த்தாலும் அதே நிறம். எல்சிடியில் ஐபிஎஸ் என்ற வகைப் பேனல் என்றால் ஓரளவு சமாளிக்கும், மற்றவற்றில் ஓரத்தில் இருப்பவருக்கு நிறம் வெளிறிப்போகும்.

கடையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே தலைக்கு மேல் இருபது டியூப்லைட், எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கும் 'டைனமிக்' மோடில் ஓடும். அந்த வெளிச்சத்தில் எல்சிடிதான் பளிச்சென்று ஜெயிக்கும், பிளாஸ்மா பாவமாக நிற்கும். வீட்டில் இரவு ஒரே ஒரு விளக்கு எரியும்போது நிலைமை தலைகீழ். கடைக்காரரிடம் கேட்டு 'சினிமா' மோடு போடச் சொல்லி, முடிந்தால் அந்த மூலையில் மட்டும் விளக்கை அணைத்துப் பாருங்கள்.

பயனியரின் குரோ வரிசைதான் நான் பார்த்ததிலேயே ஆழமான கருப்பு. அந்த நிறுவனம் 2009 பிப்ரவரியில் டிவி தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இப்போது பானாசோனிக், சாம்சங், எல்ஜி மூன்றும் பிளாஸ்மா விற்கின்றன, உங்கள் பணத்துக்கு நல்ல செட்டே கிடைக்கும்.


ஆட்டக்காரன் | 15 ஆகஸ்ட் 2010

திரைப்பித்தன் அண்ணா சொன்னது படத்துக்குச் சரி. கேமுக்கு விஷயம் கொஞ்சம் வேறு, நான் இரண்டிலும் ஆடிப் பார்த்தவன்.

முதலில் பிளாஸ்மாவின் பலம். எல்சிடி ஒரு காட்சியை அடுத்தது வரும்வரை, அதாவது ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு, அப்படியே பிடித்து வைத்திருக்கும். நம் கண்ணோ ஓடுகிற காரின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். அங்கேதான் மங்கல் வருகிறது, புள்ளி நிறம் மாற 2 மில்லிசெகண்ட்தான் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்த மங்கல் போகாது. பிளாஸ்மா விட்டு விட்டு மின்னுவதால் நகரும் பொருள் கூர்மையாகத் தெரிகிறது. அதில் '600 ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், 60 காட்சியில் ஒவ்வொன்றையும் பத்துத் துண்டாகப் பிரித்து மினுக்குகிறது என்பதுதான் கணக்கு. எல்சிடியில் சொல்லும் 100, 200 ஹெர்ட்ஸ் வேறு கதை, அது காட்சிகளுக்கு இடையே புதுக் காட்சிகளைச் செருகுவது, இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

இப்போது பயம். கேமில் உயிர் அளவு, வரைபடம், குண்டு எண்ணிக்கை எல்லாம் திரையின் ஒரே மூலையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் ஒரே கேம் ஆடிவிட்டு நிறுத்தினால் அந்த வரைபடத்தின் நிழல் திரையில் தெரிந்தது. பத்து நிமிடம் வேறு ஏதாவது ஓடவிட்டதும் போய்விட்டது. இப்படித் தற்காலிகமாக நிற்பது வேறு, நிரந்தரமாகப் பதிவது வேறு, பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு பிளாஸ்மாவையே வெறுக்கிறார்கள். ஆனால் புது செட்டில் முதல் 150, 200 மணி நேரம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கான்ட்ராஸ்ட்டைப் பாதியாக வைத்து, அசையாத படம் எதையும் நிற்கவிடாமல், திரை நிறைய ஓடும் படமாகப் பாருங்கள். உங்கள் தம்பி அதற்குள் பொறுமையாக இருப்பானா என்று அவனிடமே கேளுங்கள்.

எதை வாங்கினாலும் 'கேம் மோடு' இருக்கிறதா பாருங்கள். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் குதிப்பதற்கும் இடையே வரும் தாமதம் டிவிக்கு டிவி மாறும், நிறுவனம் அந்த எண்ணைச் சொல்வதே இல்லை. ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் டிவியில் இணைத்து, இரண்டு திரையிலும் ஒரே ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு ஒரு போட்டோ எடுத்தால் வித்தியாசம் தானாகத் தெரிந்துவிடும். நான் இப்படிச் செய்தபோது முதலில் முறைத்த கடைக்காரரும் பிறகு ஆர்வமாகி அடுத்த டிவியில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். எல்சிடியில் நகர்வைச் சீராக்கும் வசதியை ஆன் செய்தால் தாமதம் இன்னும் கூடும், கேமின்போது அதை அணைத்துவிட வேண்டும்.


மின்கம்பி | 15 ஆகஸ்ட் 2010

தம்பி, 22 வருடமாக மதுரையில் டிவி பழுது பார்க்கிறேன். கேஸ் நிரப்புகிற கதையை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு கண்ணாடித் தகடுகளை உருக்கி ஒட்டி அடைத்த பேனல் அது. ஏசிக்கு நிரப்புகிற மாதிரி நிரப்ப அதில் வழியே கிடையாது. கண்ணாடி விரிசல் விட்டால் பேனல் முடிந்தது, விடாவிட்டால் கேஸ் எங்கும் போகாது. வெளிச்சம் பாதியாகக் குறைய ஒரு லட்சம் மணி நேரம் ஆகும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதில் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், தினம் ஆறு மணி நேரம் பார்த்தால் 22 வருடத்துக்கு மேல் வருகிறது.

பேனலை விட போர்டுகள்தான் முதலில் போகும், முக்கியமாக பேனலை ஓட்டுகிற ஒய்-சஸ் போர்டும் பவர் சப்ளையும். நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குவதுதான் அதற்கு எமன். எந்த டிவி வாங்கினாலும் நல்ல ஸ்டெபிலைசர் இல்லாமல் மாட்டாதீர்கள்.

கரண்ட் விஷயம். என் மீட்டரில் வைத்துப் பார்த்த 42 அங்குல பிளாஸ்மா ஒன்று இருட்டான காட்சியில் 90 வாட்டில் நின்றது, வெள்ளைத் திரையில் 250 வரை ஏறியது, சராசரி 200 என்று வையுங்கள். எல்சிடி படம் எப்படி இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், நான் பார்த்தது 140. வித்தியாசம் 60 வாட். தினம் ஆறு மணி நேரத்துக்கு மாதம் 11 யூனிட், இரண்டு மாத பில்லில் 22 யூனிட். இதற்காகப் பயந்து பிடிக்காத டிவியை வாங்க வேண்டியதில்லை.

ஆனால் இன்வெர்ட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது கரண்ட் போகிற நேரத்தை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். இரண்டு ஃபேன், இரண்டு டியூப்லைட், ஏறக்குறைய 250 வாட் ஓடுகிற வீட்டில் வெளிச்சமான காட்சிக்கு பிளாஸ்மா இன்னொரு 250 கேட்டால் 600 வி.ஏ. இன்வெர்ட்டர் மூச்சு வாங்கும், பேட்டரியும் பாதி நேரத்தில் இறங்கிவிடும். எல்சிடியோ டிவியை அந்த நேரத்தில் அணைத்து வைப்பதோ, அது உங்கள் வீட்டு முடிவு.

வண்டியில் ஏற்றும்போது பிளாஸ்மாவைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தியே கொண்டுவர வேண்டும். டாடா ஏஸில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்து கண்ணாடி போன பேனலை இந்தக் கையால் கழற்றியிருக்கிறேன், பார்க்கவே மனசு கேட்காது.


நீலகிரிக்காரன் | 15 ஆகஸ்ட் 2010

மலையில் இருப்பவர்களுக்காக ஒன்று. பிளாஸ்மா பேனலுக்குள் வாயு அழுத்தம் குறைவு, உயரமான இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைந்துவிடுவதால் பேனல் ரீங்காரம் போட ஆரம்பிக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். கோவைக் கடையில் சத்தமே இல்லாத செட், இங்கே இரவில் வண்டு மாதிரி கத்துகிறது. கோவையில் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஊட்டி, கொடைக்கானல் நண்பர்கள் வாங்கும் முன் கையேட்டில் உயர வரம்பு எவ்வளவு என்று பாருங்கள்.


எழுத்துக்காரி | 16 ஆகஸ்ட் 2010

கணினியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பக்க வடிவமைப்புதான் என் தொழில், ஒரு வருடம் 42 அங்குல எச்டி ரெடி பிளாஸ்மாவைக் கணினித் திரையாக வைத்து அவதிப்பட்டவள். தயவுசெய்து எக்செல்லை பிளாஸ்மாவில் திறக்காதீர்கள்.

1024×768 என்பது 4:3 விகிதம். அதை 16:9 திரையில் நீட்டி வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் அகலமான செவ்வகம். ஓடும் படத்தில் இது தெரியாது. எழுத்தில் தெரியும், அதுவும் தமிழ் எழுத்தில் நன்றாகவே தெரியும். சுழியும் வளைவும் நிறைந்த எழுத்து நம்முடையது, சின்ன அளவில் 'ண'வுக்கும் 'ன'வுக்கும் கண்ணை இடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, எக்செல் என்றால் திரை முழுக்க வெள்ளை. பிளாஸ்மாவில் எல்லாப் புள்ளியும் ஒன்றாக எரிந்தால் மின்சாரம் தாங்காது என்பதால் செட் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளைத்தாள் மங்கலான சாம்பல்தாளாகும். சின்ன ஜன்னலாகத் திறந்தால் பளிச்சென்றும், பெரிதாக்கினால் மங்கியும் மாறிக்கொண்டே இருக்கும், மூன்று மணி நேரம் அதைப் பார்த்தால் தலைவலி நிச்சயம். மூன்றாவது, கீழே டாஸ்க்பார். தினம் மூன்று மணி நேரம் அது ஒரே இடத்தில் நிற்கும். என் செட்டில் அதன் நிழல் பதிந்தே போய்விட்டது, இருட்டுக் காட்சியில் இன்றும் ஒரு கோடு தெரிகிறது.

பிளாஸ்மா பிறந்ததே கணினித் திரையாகத்தான் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 1964இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்புக்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒருமுறை எரியவிட்ட புள்ளி தானாகவே எரிந்துகொண்டிருக்கும், அதனால் படத்தைத் தாங்க விலை உயர்ந்த நினைவகம் தேவைப்படவில்லை. அந்த ஆரஞ்சு நிறத் திரையில் எழுத்து நன்றாகத்தான் இருந்திருக்கும். இன்றைய வீட்டு பிளாஸ்மா அந்த வேலைக்கு ஆகாது.

எல்சிடி டிவி என்றாலும் அப்படியே மாட்டினால் எழுத்து சுத்தமாக வராது. டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் உடையவை. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இருப்பதைப் போட்டால்தான் புள்ளிக்குப் புள்ளி பொருந்தும். சாம்சங்கில் எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரை 'பிசி' என்று மாற்றி வைத்தால் சிவப்பு எழுத்தின் ஓரம் கலங்குவதும் நிற்கும்.

என் யோசனை: ஒரே டிவியில் மூன்றையும் அடைக்காதீர்கள். பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். டிவியைப் படத்துக்கு வாங்குங்கள், கணினிக்கு ஒரு சாதாரண 20 அங்குல எல்சிடி மானிட்டர் வாங்குங்கள். 8 அடி தள்ளி சோபாவில் சாய்ந்துகொண்டு யாரும் கணக்கு எழுத முடியாது, முதுகு போய்விடும்.


திரைப்பித்தன் | 16 ஆகஸ்ட் 2010

எழுத்துக்காரி சொன்னதை முழுக்க ஏற்கிறேன், நான் கணினியை மறந்தே போனேன். ஃபுல் எச்டி இல்லையே என்ற கவலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 42 அங்குலத் திரையின் அகலம் 36 அங்குலத்துக்குச் சற்று மேல். நல்ல கண்ணுக்கு ஃபுல் எச்டியின் ஒரு புள்ளி தனியாகத் தெரிய வேண்டுமானால் ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். உங்கள் 8 அடியில் ஃபுல் எச்டியின் பாதி உழைப்பு வீண். 1024 புள்ளி என்பது 8 அடியில் கூர்ந்து பார்த்தால் கொஞ்சம் தெரியும், அதை மறைக்கவில்லை. ஆனால் படத்தை அழகாக்குவதில் கருப்புக்கும் நிறத்துக்கும் பிறகுதான் புள்ளி எண்ணிக்கை என்பது என் உறுதியான கருத்து.

அப்பாவின் செய்திச் சேனல்தான் எனக்குக் கவலை. கேபிளில் வரும் சேனல் இன்னும் 4:3தான். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை, மூலையில் லோகோ, கீழே ஓடும் எழுத்துக்குப் பின்னால் அசையாத பட்டை. முதல் இரண்டு மாதம் அகலமாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள், பரவாயில்லை. ஜன்னலுக்குக் கட்டாயம் தடித்த திரைச்சீலை வேண்டும், பிளாஸ்மாவின் முன்கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி.


கோவைவாசி | 17 ஆகஸ்ட் 2010

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். செய்தியும் சீரியலும் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், என் கணக்கு வேலை மூன்று, படமும் கேமும் சேர்த்து இரண்டு. நேரத்தை மட்டும் பார்த்தால் எல்சிடிதான் வருகிறது. ஆனால் செய்தியை எந்த டிவியில் பார்த்தாலும் அப்பாவுக்கு ஒன்றுதான், படம் எனக்கு ஒன்றல்ல. கணினியைப் பிரித்துவிட்டால் என் முக்கியமான தயக்கம் போய்விடுகிறது. கேஸ் பயத்தையும் மின்கம்பி அண்ணன் தீர்த்துவிட்டார்.

ஒரே கேள்வி: அப்பா லோகோ விஷயத்தில் ஒத்துழைக்காவிட்டால்?


மின்கம்பி | 17 ஆகஸ்ட் 2010

ஒரே சேனலை நாள் முழுக்க ஓடவிட்டால்தான் ஆபத்து. செய்திக்குப் பிறகு சீரியல், பிறகு படம் என்று மாறினால் தேய்மானம் பரவிவிடும். கான்ட்ராஸ்ட்டை 60க்கு மேல் ஏற்றாதீர்கள். சாப்பிடப் போகும்போது டிவியை அணைக்கும் பழக்கம் அப்பாவுக்கு இருக்கிறதா? அது இருந்தால் பாதிக் கவலை இல்லை.


கோவைவாசி | 10 அக்டோபர் 2010

எச்டி ரெடி பிளாஸ்மா 42, ஒரு 20 அங்குல மானிட்டர், ஸ்டெபிலைசர், கருநீலத் திரைச்சீலை, எல்லாம் சேர்த்து 49 ஆயிரத்துச் சொச்சம். நிறுத்தி வைத்தே கொண்டுவந்தோம், தம்பி வண்டிக்குப் பின்னால் ஏறி வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தான். முதல் ஒரு மாதம் கான்ட்ராஸ்ட் 45இல் வைத்திருந்தேன். அப்பாவுக்குக் காரணத்தைச் சொன்னதும் நான் எதிர்பார்க்காத அளவுக்குக் கவனமாகிவிட்டார், விளம்பரம் வந்தாலே சேனலை மாற்றுகிறார்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு முதல் படம் போட்டபோது சட்டம் எங்கே முடிகிறது, கருப்புப் பட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். குறையையும் சொல்கிறேன்: காலையில் திரைச்சீலையை இழுத்தே ஆக வேண்டும், கோடையில் அறை கொஞ்சம் சூடாகும் என்று நினைக்கிறேன், வெள்ளையான பொருள் வேகமாக ஓடும்போது ஓரத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்த வால் ஒன்று எனக்குத் தெரிகிறது, தம்பிக்குத் தெரியவில்லை.


கோவைவாசி | 9 நவம்பர் 2014

பழைய இழைதான், ஆனால் இங்கேயே கேட்கிறேன். பானாசோனிக் போன டிசம்பரோடு பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டது, சாம்சங்கும் எல்ஜியும் விலகுவதாகச் சொல்லிவிட்டன. என் செட் நான்கு வருடம் ஆகியும் அருமையாக ஓடுகிறது, லோகோ எதுவும் பதியவில்லை. உதிரிபாகம் இனி கிடைக்குமா? இப்போதே ஒரு போர்டு வாங்கி வைக்கலாமா?


மின்கம்பி | 10 நவம்பர் 2014

வாங்கி வையுங்கள் தம்பி. உங்கள் செட்டின் பின்மூடியைக் கழற்றி ஒய்-சஸ் போர்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள், மாடல் ஒன்றாக இருந்தாலும் போர்டு மாறும். மின்சாரத்தைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் மூடியில் கை வைக்க வேண்டும், உள்ளே கெப்பாசிட்டர்களில் 200 வோல்ட் வரை நிற்கும். பழைய செட்டை உடைக்கிறவர்களிடம் இன்னும் நல்ல போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன, இரண்டு வருடம் கழித்துத் தேடினால் கஷ்டம். என்றைக்காவது 'டக் டக்' என்று ரிலே சத்தம் கேட்டு, படம் வராமல் விளக்கு மட்டும் மினுக்கினால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள், ஒரு போர்டோடு போக வேண்டியது இரண்டாகும். எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.